ஆல்பிரட் சாட்டர்டன்

சர் ஆல்பிரட் சாட்டர்டன் (1866 – 1958) சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளர், தொழில்துறை நிர்வாகி. குரோம் முறையில் தோல் பதனிடுதலைச் சென்னையில் அரசு முயற்சியாகத் தொடங்கியவர் இவரே.

தொடக்ககாலப் பணிகள்

1888-இல் சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். பின்னர் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். அங்கு 1898-இல் தொடங்கிய அலுமினியப் பாத்திர உற்பத்தி வெற்றி பெற்று, 1903-இல் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தோல் பதனிடுதல்

வட ஆற்காட்டுப் பகுதியில் (இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள்) ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிடப்பட்டு வந்தது. 1890-களில் அமெரிக்காவில் குரோம் முறை பரவியதும், அந்நாட்டினர் பதனிட்ட தோலை விடுத்துப் பச்சைத் தோலையே வாங்கலாயினர். இதனால் சென்னை மாகாணத் தோல் தொழில் நலிவுற்றது.

சாட்டர்டன் 1903-இல் குரோம் சோதனைகளைத் தொடங்கினார். அவர் முதலில் கருதியது காலணியை அன்று. உழவர்களின் கவலைச் சாலை. பட்டையிட்ட தோல் ஓயாது நீரில் நனைந்தால் விரைவில் அழுகிவிடும். குரோம் தோல் நீரைத் தாங்கும். சால், செருப்பு, சேணம் ஆகியன இம்முறையில் செய்யப்பட்டன.

அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். இந்திய அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சேலத்தில் விசைநாடா கொண்டு இவர் நடத்திய நெசவுச் சாலையும் மூடப்பட்டது; இதில் ஆலைக் கட்டுப்பாட்டை நெசவாளர்கள் விரும்பாததும் ஒரு காரணம் எனலாம்.

மைசூரும் தொழில் ஆணையமும்

1912-இல் மைசூர் சென்றார். 1916-இல் அங்கு சந்தன எண்ணெய் உற்பத்தி தொடங்கியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. போரினால் செருமனிக்குச் செல்லாது தேங்கிய சந்தனக் கட்டை இவ்வாறு பயன்பட்டது.

1916 – 1918 இந்தியத் தொழில் ஆணையத்தில் மதன் மோகன் மாளவியா, தோராப்ஜி டாட்டா ஆகியோருடன் உறுப்பினராயிருந்தார். தோலும் எண்ணெய் வித்துகளும் மூலப்பொருளாகவே கப்பலேறுவது அவ்வாணையம் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. பருத்திக்கொட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறுவடையான பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கொட்டையே. தமிழ்நாட்டில் அதை ஊறவைத்து அரைத்து மாட்டுக்கு வைப்பர். கவலை இழுத்த எருதுகளின் வலுவும் அதில்தான் இருந்தது. அதன் எண்ணெயில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் கலந்திருப்பதால் காரம் சேர்த்துச் சுத்திகரித்த பின்னரே உண்ண இயலும். செக்கில் ஆட்டினால் மட்டும் போதாது, ஆலை வேண்டும். கொட்டையாகவே ஏற்றுமதியானால் எண்ணெயோடு பிண்ணாக்கும் நாட்டுக்கு இழப்பாகும்.

சாட்டர்டனுக்கு 1919-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.

பிற்காலத் தாக்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் நெடுங்காலம் பட்டை முறையிலேயே நிலைத்திருந்தன. அரைப்பதத் தோல் ஏற்றுமதியை இந்திய அரசு 1970-களில் கட்டுப்படுத்திய பின்னரே குரோம் முறை இங்கு பெருமளவில் வேரூன்றியது. சாட்டர்டன் காலத்தில் எவரும் பொருட்படுத்தாத கழிவுநீர் பின்னர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது.