கடல் ஏற்றத்தில் கரன்ட் எடுக்கலாமா? 1881-லேயே கணக்குப் போட்ட கெல்வின்

வட்டக்கானல் அருவி முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல் கொடைக்கானலிலிருந்து திரும்புகிறவர்கள் குறைவு. அடுத்த முறை தண்ணீர் விழும் உயரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். மின்சாரக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து?

இதே கேள்வியைக் கடலிடம் கேட்டவர் வில்லியம் தாம்சன். லார்டு கெல்வின் என்றால் சட்டென்று தெரியும். ஸ்கூல் இயற்பியலில் வெப்பநிலை அலகாக வருவாரே, அவர்தான்.

1824-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். அப்பா கணக்கு வாத்தியார். 10 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், 22 வயதில் அங்கேயே பேராசிரியர். 1866-ல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி வேலை முடிந்ததும் சர் பட்டம் வந்தது. கடல் மேல் அவ்வளவு ஆசை. சொந்தமாகப் பாய்மரக் கப்பலே வாங்கிவிட்டார்.

கடல் ஏறி வற்றுவதை ஓதம் என்கிறோம். அதில் நிலவின் தாளம், சூரியனின் தாளம் எனப் பல கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, சக்கரங்களும் கப்பிகளும் வைத்து மறுபடி கூட்டும் இயந்திரத்தை 1872-ல் கெல்வின் வடிவமைத்தார். ஒரு துறைமுகத்தின் ஒரு வருட ஓதத்தைச் சில மணி நேரத்தில் வரைந்து தள்ளிவிடும். ஒரு வகையில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே 1879-ல் லண்டனில் இன்னொன்று தயாரானது. அதைக் கவனித்தவர் எட்வர்ட் ராபர்ட்ஸ்.

ஓதத்தை இவ்வளவு தெரிந்தவர், அதில் மின்சாரம் எடுக்கலாம் என்று குதித்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. 1881-ல் யார்க் நகரக் கூட்டத்தில் அவர் சொன்னது வேறு. கடலில் சுவர் கட்டித் தண்ணீரைத் தேக்குவதைவிட, அதே சுவருக்குள் நிலத்தை மீட்டு விற்றால் லாபம் அதிகம். நிலக்கரி தீர்ந்தால் அருவியையும் காற்றையும் நம்பலாம் என்பது அவர் கட்சி. 1890-ல் நயாகரா மின்திட்டத்தை முடிவுசெய்யும் சர்வதேசக் குழுவுக்கே தலைவரானார். 1907-ல் காலமானார்.

அவர் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் 240 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. அங்கே அணைச் சுவர் மேலேயே ரோடும் போகிறது, ஒரு செலவில் இரண்டு வேலை!

நம் ஊர்? ஓதத்தின் உயரம் இரண்டு மடங்கானால், தேங்கும் தண்ணீரும் விழும் உயரமும் சேர்ந்து கூடி ஆற்றல் நான்கு மடங்காகும். சென்னையில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் 11 மீட்டர் வரை. அதே அளவு குளம் அங்கே நூறு மடங்குக்கு மேல் தரும். இந்தியாவின் ஓத ஆற்றல் 12,455 மெகாவாட் என்ற மதிப்பீட்டைப் பார்த்து மெரினாவில் அணை கேட்காதீர்கள். மேற்கு வங்கத்தின் துர்காதுவானியில் போட்ட வெறும் 3.75 மெகாவாட் திட்டமே செலவு தாங்காமல் கைவிடப்பட்டது.

அலை வேறு விஷயம், அதற்கு ஓதத்தின் உயரம் தேவையில்லை. சென்னை ஐஐடி 1991-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையத்தைச் சோதித்தது.