போத்தனூர் அம்மாவின் மகன் ஆலன் ட்யூரிங்

மக்கா, ஃபைனல் இயர் வந்தாச்சு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல யாரையாவது பார்த்தாலும் சரி, ஒரே கேள்விதான். வேலைக்குப் போறியா, மேல படிக்கப் போறியா? கேட் எழுதி எம்.இ.யா, இல்ல வெளிநாட்டுல எம்.எஸ்.ஸா? எஸ்.ஓ.பி.னு ஒரு ஃபைல் திறந்து வச்சுட்டு, மூணு வாரமா முதல் வரியைத் தாண்டாத ஆட்கள் நம்ம வகுப்புலயே இருக்காங்க. நானும் அதுல ஒருத்தன். அந்த நேரத்துல படிச்ச ஒரு வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு. ஆலன் ட்யூரிங். தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் பேப்பர்ல நம்மளப் பாடாப் படுத்தின அதே ட்யூரிங்தான்.

முதல்ல ஒரு விஷயம். ட்யூரிங்கோட அம்மா தமிழ்நாட்டுல பிறந்தவங்க. பேரு எத்தேல் சாரா ஸ்டோனி. 1881-ல் கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில் பிறந்தார். தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ் ட்யூரிங், மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்தது 1908-ல், குன்னூரில். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார்.

அதுக்கு அப்புறம் நடந்தது நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குப் புதுசு இல்ல. அப்பா லீவு முடிஞ்சு இந்தியாவுக்குத் திரும்பினார். 1913-ல் அம்மாவும் கிளம்பினார். ஆலனுக்கு அப்போ ஒண்ணேகால் வயசு. பிள்ளைங்க ரெண்டு பேரையும் இங்கிலாந்தோட தென்கரையில், ஓய்வு பெற்ற ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் விட்டுட்டுப் போனாங்க. கப்பல்ல வாரக்கணக்கில் பயணம். பெத்தவங்க லீவுக்கு வந்தாதான் முகம் பார்க்கலாம். குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம்னு நம்ம கூடப் படிக்கிறவங்கள்ல எத்தனை பேரோட அப்பா வளைகுடாவில இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. எங்க அப்பா மஸ்கட்ல. நான் ஆச்சி வீட்டில வளர்ந்தவன். ஜூலியஸ் இங்க வந்தது ஆள்றதுக்கு, நம்ம அப்பாமார் அங்க போனது உழைக்கிறதுக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லதான். ஆனா வீட்டில இருக்கிற பிள்ளைக்கு, அப்பா பக்கத்துல இல்லைங்கிறது மட்டும்தான் தெரியும்.

ட்யூரிங் பள்ளியில் ஒண்ணும் டாப்பர் இல்ல. 1926-ல், 13 வயசுல, ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் போன நாள்ல இங்கிலாந்து முழுக்க வேலைநிறுத்தம். ரயில் ஓடல. பையன் சைக்கிளை எடுத்துக்கிட்டு, சுமார் 60 மைல் ஓட்டி, வழியில ஒரு ராத்திரி தங்கி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். ஆனா அந்தப் பள்ளி இலக்கியமும் லத்தீனும்தான் படிப்புன்னு நினைச்ச பள்ளி. கையெழுத்து மோசம், நோட்டு அழுக்குன்னு ஆசிரியர்கள் குறைப்பட்டாங்க. அவன் அறிவியல் நிபுணன் ஆகணும்னா இந்தப் பள்ளியில் நேரத்தை வீணாக்குறான்னு தலைமையாசிரியரே எழுதி அனுப்பினார்.

அங்க அவனுக்குக் கிடைச்ச ஒரே கூட்டாளி கிறிஸ்டோஃபர் மார்கம். ரெண்டு பேருக்கும் கணிதம், நட்சத்திரம், வேதியியல் எல்லாம் பிடிக்கும். கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி உதவித்தொகைத் தேர்வைச் சேர்ந்தே எழுதினாங்க. கிறிஸ்டோஃபருக்குக் கிடைச்சது, ஆலனுக்குக் கிடைக்கல. ஆனா கல்லூரிக்குப் போகும் முன்னாடியே, 1930 பிப்ரவரியில், காசநோயால் கிறிஸ்டோஃபர் இறந்துட்டான். அவன் செய்ய வேண்டியிருந்த வேலையையும் சேர்த்து நான்தான் செய்யணும்னு ஆலன் மனசுல வச்சுக்கிட்டார்.

அடுத்த முயற்சியில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் இடம் கிடைச்சது. 1934-ல் முதல் வகுப்பில் பட்டம். 1935-ல், 22 வயசுல, அதே கல்லூரியில் ஃபெல்லோ. நம்ம வயசுதான், மக்கா.

அந்த வருஷம் மேக்ஸ் நியூமன் நடத்தின ஒரு வகுப்பில் ஒரு கேள்வி காதில் விழுந்தது. ஒரு கணித வாக்கியத்தைக் கொடுத்தா, அதை நிரூபிக்க முடியுமா முடியாதான்னு தீர்மானிக்க ஒரு பொதுவான வழிமுறை இருக்கா? ஹில்பர்ட் எழுப்பின கேள்வி. ட்யூரிங் ஓட்டப் பயிற்சிக்குப் போய்ட்டு ஒரு புல்வெளியில் படுத்திருந்தப்போ விடைக்கான வழி தோணிச்சாம். முடிவில்லாத ஒரு டேப், அதைப் படிச்சு எழுதுற ஒரு தலை, சில நிலைகள். அவ்வளவுதான் மெஷின். எந்த மெஷினோட விவரத்தையும் டேப்பில் எழுதிக் கொடுத்தா, அதைப் போலவே நடந்துக்கிற ஒரு பொது மெஷினும் இருக்க முடியும். இன்னிக்கு உங்க லேப்டாப்பில் ஒரே ஹார்டுவேர் எல்லா புரோகிராமையும் ஓட்டுதே, அந்த யோசனை இதுதான். அந்த மெஷின்களை வச்சே, ஹில்பர்ட் கேட்ட வழிமுறை இருக்க முடியாதுன்னு நிரூபிச்சார். ஹால்ட்டிங் பிராப்ளம்னு நாம படிக்கிறதோட வேரும் அங்கதான்.

1936 ஏப்ரலில் கட்டுரையை நியூமனிடம் கொடுத்தார். அப்போதான் ஓர் இடி. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்த அலோன்சோ சர்ச், வேற வழியில், அதே முடிவை ஏற்கெனவே சொல்லிட்டார். ப்ராஜெக்ட் டாபிக் சப்மிட் பண்ணப் போற அன்னிக்கு, அதே டாபிக்கை வேற ஒருத்தர் வெளியிட்டிருக்கிறதைப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? நியூமன் ஒண்ணு பண்ணினார். வழி வேறயா இருக்கு, வெளியிடலாம்னு சொன்னார். கூடவே சர்ச்சுக்கு எழுதி, இந்தப் பையன் உங்ககிட்ட வந்து வேலை செய்யட்டும்னு கேட்டார்.

ட்யூரிங் வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போன கதை இதுதான். ரேங்கிங் பார்த்தோ, சம்பளக் கணக்குப் போட்டோ போகல. அவர் கேள்வியை அதே ஆழத்தில் யோசிச்ச இன்னொரு மனுஷன் பிரின்ஸ்டனில் இருந்தார். அதனால 1936 செப்டம்பரில் கப்பல் ஏறினார். அவர் கேட்ட ப்ரொக்டர் உதவித்தொகை முதல் வருஷம் கிடைக்கல. கிங்ஸ் கல்லூரிப் பணத்தில் சமாளிச்சார். தன் கட்டுரையைப் பத்திப் பேசினப்போ வந்த கூட்டம் ரொம்பக் கம்மி. கட்டுரை வெளிவந்ததும் பிரதி கேட்டு எழுதினவங்க ரெண்டே பேர். இன்னிக்கு நம்ம துறையே நிக்கிற கட்டுரைக்கு ரெண்டே பேர்! ரெண்டாவது வருஷம் உதவித்தொகை கிடைச்சது. 1938-ல் சர்ச்சின் கீழ் பிஎச்.டி. முடிச்சார். நடுவில் இயற்பியல் துறைப் பட்டறையில் தானே ரிலே சுத்தி, மின்சாரத்தில் பெருக்கல் போடும் ஒரு கருவியும் செஞ்சார்.

கவனிங்க, அவர் வாங்கினது கணிதப் பட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரு படிப்பே அப்போ கிடையாது. கேம்பிரிட்ஜில் அந்த டிப்ளமோ 1953-ல்தான் வந்தது. அமெரிக்காவில் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை 1962-ல், பர்டியூவில்.

படிப்பு முடிஞ்சதும் ஜான் வான் நாய்மன் தனக்கு உதவியாளரா இருக்கச் சொன்னார், வருஷத்துக்கு 1500 டாலர். ட்யூரிங் வேண்டாம்னுட்டு ஊர் திரும்பினார். 1939 செப்டம்பரில் போர் அறிவிச்ச மறுநாளே பிளெட்ச்லி பார்க்கில் ஆஜர். போலந்து நிபுணர்கள் போட்ட அடித்தளத்தின் மேல், ஜெர்மானியர்களின் எனிக்மா குறியீட்டை உடைக்க பாம்ப் என்ற இயந்திரத்தை வடிவமைச்சார். அதை கார்டன் வெல்ச்மன் இன்னும் மேம்படுத்தினார். அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களைக் காப்பாத்தினதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு. ஆனா அது ரகசியம். அம்மாகிட்டகூடச் சொல்ல முடியாது.

போருக்குப் பிறகு ஏஸ் என்ற கணினிக்கு முழு வடிவமைப்பு எழுதினார். 1948-ல் மான்செஸ்டர் போனார். 1950-ல் இயந்திரத்தால் சிந்திக்க முடியுமான்னு கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். நாம இப்போ சாட்பாட்டைப் பார்த்துக் கேக்குற கேள்விதான்.

1952-ல் வீட்டில் திருட்டு நடந்ததுன்னு போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், அவருக்கு ஓர் ஆணோட உறவு இருந்தது தெரிஞ்சது. அன்னிக்கு அது அங்க குற்றம். திருடு கொடுத்தவர் குற்றவாளி ஆனார். சிறைக்குப் பதிலா ஒரு வருஷம் ஹார்மோன் மருந்து. நாட்டின் ரகசிய வேலையிலிருந்தும் விலக்கிட்டாங்க. 1954 ஜூன் 7 அன்று சயனைடால் இறந்தார். வயசு 41. தற்கொலைன்னு விசாரணை முடிஞ்சது. வேதிப்பொருளைக் கவனமில்லாமக் கையாண்டதால் வந்த விபத்துன்னு அம்மா கடைசி வரை நம்பினார்.

பிறந்து ஒண்ணேகால் வயசுல விட்டுட்டுப் போன அந்த அம்மாதான், மகனைப் பத்தின முதல் புத்தகத்தை எழுதினவர். 1959-ல், எழுபது வயசு தாண்டின பிறகு. மகன் போரில் என்ன செஞ்சான்னு முழுசாத் தெரியாமலேயே எழுதினார்.

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம். அதே மாதிரி ஒரு சட்டத்தை நம்ம உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் மாத்தினது, மறந்துடாதீங்க. அவர் பேரில் 1966-லிருந்து தர்ற விருதை 1994-ல் வாங்கினவங்கள்ல ஒருத்தர் ராஜ் ரெட்டி. கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படிச்சு, ஆஸ்திரேலியாவில் முதுகலை முடிச்சு, அப்புறம் ஸ்டான்ஃபோர்டு போனவர்.

மேல படிக்கப் போங்கன்னோ, போகாதீங்கன்னோ இதை வச்சு நான் சொல்ல வரல. தோப்பை அடமானம் வச்சு அனுப்புற வீடுகள் நமக்குத் தெரியும். கிடைச்ச வேலையில சேர்றதும் மரியாதையான முடிவுதான். ஆனா போறதா இருந்தா, எந்த நாட்டுக்குன்னு கேக்குறதுக்கு முன்னாடி, எந்தக் கேள்விக்காகன்னு நம்மளையே கேட்டுக்கலாம்.

போன வாரம் அப்பா மஸ்கட்ல இருந்து கூப்பிட்டாங்க. எந்த நாடுன்னு முடிவாச்சான்னு கேட்டாங்க. நாடு இன்னும் தெரியல, என்ன படிக்கணும்னு மட்டும் கொஞ்சம் தெரியுதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், பேங்க்ல லோனுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு விசாரிச்சு வைக்கச் சொன்னாங்க. ராத்திரியே ஃபைலைத் திறந்து, அந்த முதல் வரியை அழிச்சுட்டு, என் கேள்வியை எழுதிட்டேன்.