கொடையைக் கடனாகக் கொடுத்த வணிகர்: ஜாம்ஷெட்ஜி டாட்டா

பெட்டியில் பூட்டி வைத்த பணம் வளராது, கைமாறிக்கொண்டே இருக்கும் முதல்தான் வளரும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு விஷயத்தில் இப்பாடத்தை நாம் மறப்பதேயில்லை. ஆனால் தருமம் என்று வந்துவிட்டால் மட்டும் மறந்துவிடுகிறோம். கெட்டிக்கார மாணவன் ஒருவன் மேல்நாட்டுப் படிப்புக்கு உதவி கேட்டு வந்து நின்றால், கடை கடையாக ஏறி வசூல் செய்து, மாலை போட்டு அனுப்பி வைக்கிறோம். அத்துடன் அந்தக் கணக்கு முடிந்தது. மறு ஆண்டு இன்னொருவன் வருவான். மறுபடியும் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவோம். நாலைந்து ஆண்டுகளில் கொடுப்பவர்களுக்குச் சலிப்பு, கேட்பவர்களுக்குக் கூச்சம். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய எத்தனையோ நிதிகள் இவ்விதமாக வற்றிப் போனதை நாம் கண்டிருக்கிறோம்.

இந்தச் சிக்கலுக்கு 1892-ஆம் ஆண்டிலேயே வழி கண்டவர் ஒரு வணிகர். இரும்பு என்றதும் அவர் குடும்பத்தின் பெயர்தான் எவருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த இரும்பாலையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே தொடங்கி, இன்றளவும் நடந்துவரும் கல்வி நிதி ஒன்று உண்டு. அதை அறிந்தவர் சிலரே. ஆகவே ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டாவின் வரலாற்றை அந்தக் கோணத்திலிருந்து இங்கே எழுத முற்படுகிறோம்.

அவர் 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி குஜராத்தைச் சேர்ந்த நவ்சாரி என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் பார்சி குருமார் குடும்பம். தந்தை நசர்வான்ஜிதான் அந்தப் பரம்பரையில் முதன்முதலாகப் பம்பாய் சென்று வியாபாரத்தில் இறங்கியவர். மகனையும் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டு ஆங்கிலக் கல்வி பயில வைத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858-இல் தேறிய ஜாம்ஷெட்ஜி, வாழ்நாள் முழுவதும் புத்தகப் பிரியராகவே இருந்தார். கடையில் உட்காரும் பிள்ளைக்கு இத்தனை படிப்பு எதற்கு என்று கேட்காத தகப்பனார் வாய்த்தது அவர் செய்த பாக்கியம்.

படிப்பு முடிந்ததும் தந்தையின் தொழிலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஹாங்காங் அனுப்பப்பட்டார். பின்னர் லண்டன். அங்கேதான் அவருடைய வாழ்க்கையின் முதற் சோதனை காத்திருந்தது.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வருவது நின்றது. பம்பாய்ப் பஞ்சின் விலை விண்ணை முட்டியது. பம்பாய் முழுவதும் பணம் புரண்டது. பங்குச் சூதாட்டமும் கூடவே வளர்ந்தது. 1865-இல் போர் முடிந்ததும் பஞ்சு விலை சரிந்தது. பெரிய பெரிய பேர்வழிகள் ஒரே வாரத்தில் திவாலானார்கள். பஞ்சு வியாபாரத்தை நம்பி லண்டன் போயிருந்த இளைஞர் டாட்டாவின் கையில் இருந்த உண்டியல்கள் வெறும் காகிதமாயின. கடன் கொடுத்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

அவர் ஓடவில்லை, ஒளியவில்லை. கணக்குப் புத்தகங்களை விரித்து வைத்து, உள்ளது இவ்வளவு, இல்லாதது இவ்வளவு என்று மறைக்காமல் காட்டினார். அந்த நேர்மையைக் கண்ட கடன்காரர்கள், கணக்கைத் தீர்த்து முடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்கு மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். தொழிலில் விழுந்தவனுக்கு நாணயம் ஒன்றே கைமுதல் என்பதை இருபத்தாறாவது வயதில், அயல் மண்ணில், அவர் கற்றுக்கொண்டார். இந்த நிகழ்ச்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

பம்பாய் திரும்பியவர் 1868-இல் 21,000 ரூபாய் முதல் போட்டுச் சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். மறு ஆண்டு பம்பாய் சிஞ்ச்போக்லியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலையொன்றை வாங்கி, பஞ்சாலையாக மாற்றி, இரண்டொரு ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். பிறகு லங்காஷயர் சென்று நூற்புத் தொழிலை நேரில் பார்த்து வந்தார். எல்லோரும் பம்பாயிலேயே ஆலை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பஞ்சு விளைகிற இடத்துக்கு அருகே போவதுதான் சிக்கனம் என்று கணக்கிட்டு நாகபுரியைத் தேர்ந்தார். 1877 ஜனவரி முதல் தேதி எம்பிரஸ் ஆலை திறக்கப்பட்டது. அதுதான் டாட்டா குடும்பச் செல்வத்தின் அஸ்திவாரம். தொழிலாளர்களுக்கு ஓய்வு நிதியும், விபத்துக்கு நஷ்ட ஈடும், சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத அந்தக் காலத்திலேயே அங்கு ஏற்பட்டன.

இனி நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

அன்றைய இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் தோன்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும் நிலையங்களாகவே இருந்தன. ஆராய்ச்சி செய்து உயர்ந்த பட்டம் பெற விரும்புகிறவன் கப்பலேறித்தான் ஆக வேண்டும். சிவில் சர்வீஸ் பரீட்சையும் லண்டனில் மட்டுமே நடந்தது. 1922 வரை அதே நிலைதான். கப்பல் கட்டணம், கல்லூரிச் சம்பளம், குளிர்நாட்டில் மூன்று நான்கு ஆண்டுச் சாப்பாட்டுச் செலவு இவற்றையெல்லாம் எந்தக் குமாஸ்தா தாங்குவார்? எந்த உபாத்தியாயர் தாங்குவார்? பணம் படைத்தவன் மகன் போனான். மூளை படைத்தவன் மகன் பம்பாயிலேயே பேரேடு எழுதினான்.

பம்பாய்ச் செல்வர்கள் தருமத்தில் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் ஆஸ்பத்திரி கட்டினார்கள், அன்னமிட்டார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். டாட்டா அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நலிந்தவர்களுக்குச் சோறும் துணியும் கொடுப்பதோடு நின்றுவிட்டால் நாடு நிமிராது. திறமை மிக்கவர்களைத் தேடிப்பிடித்து உயர்த்தினால் அவர்கள் ஆயிரம் பேரை உயர்த்துவார்கள் என்பது அவருடைய முடிவு. அந்த முடிவின் பலனாக 1892-இல் தம் பெயரால் ஒரு கல்வி நிதியை ஏற்படுத்தினார்.

அந்த நிதியின் அமைப்பைத்தான் வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். மேல்நாட்டில் உயர்படிப்புப் படிக்கத் தகுதியுள்ளவர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்குக் கொடுக்கும் பணம் இனாம் அல்ல, கடன். படித்துத் திரும்பி, சம்பாதிக்கத் தொடங்கிய பின் அவர் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பி வரும் பணம் அடுத்த மாணவனின் கப்பல் கட்டணமாகும். ஒரே முதல், மறுபடியும் மறுபடியும் புரளும்.

கோடீசுவரர் ஏழைப் பிள்ளைக்கு இலவசமாகக் கொடுத்திருக்கக் கூடாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கடன் சுமை இளைஞனை அழுத்தும் என்பதும் உண்மையே. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இனாம் பெறுகிறவன் தலை குனிகிறான். கொடுத்தவரைக் காணும்போதெல்லாம் கூனிக் குறுகுகிறான். கடன் பெறுகிறவனோ நிமிர்ந்து நிற்கிறான். உன்னால் சம்பாதிக்க முடியும், சம்பாதித்தால் நீ திருப்பித் தருவாய் என்று அவன் மேல் நம்பிக்கை வைக்கப்படுகிறது. தான் கட்டும் ஒவ்வொரு தவணையும் முகம் தெரியாத இன்னொரு மாணவனுக்குப் போகிறது என்று தெரிந்தால், படித்தவனே கொடையாளியும் ஆகிவிடுகிறான்.

லண்டனில் கடன்காரர்கள் நடுவே நின்ற அந்த இளைஞரை இங்கே மறுபடியும் நினைத்துப் பார்க்கிறோம். அன்று அவரைக் காப்பாற்றியது எவருடைய இரக்கமும் அல்ல. பிறர் அவர்மேல் வைத்த நம்பிக்கை. தமக்குக் கிடைத்த அதே மரியாதையை அவர் மாணவர்களுக்கும் கொடுத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. நிதி தொடங்கியபோது அது பார்சிகளுக்கு மட்டுமே என்று இருந்தது. தம் சமூகத்துப் பிள்ளைகளை முதலில் கவனிக்க வேண்டும் என்று எந்தச் சமூகத் தலைவரும் நினைப்பது இயற்கை. நம் சங்கங்களும் அப்படித்தான் பிறந்தன. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1894-இல், அந்த வேலியை எடுத்துவிட்டு, இந்தியர் எவரும் விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். சின்னஞ்சிறு சமூகத்தில் பிறந்தவர் அவர். உள்ளதைப் பிறரோடு பங்கு போட்டால் நம்மவருக்குக் குறைந்துவிடுமே என்று அஞ்சியிருக்கலாம்; அஞ்சவில்லை. அதனால் பார்சிகள் தேய்ந்து போகவுமில்லை.

பெண்களுக்கும் அந்த நிதி தொடக்கத்திலேயே கை கொடுத்தது. ஆரம்ப நாட்களில் உதவி பெற்றவர்களுள் பிரேனி காமா என்ற பார்சிப் பெண்மணியும், கோலாப்பூரின் கிருஷ்ணாபாய் கேளவ்கரும் இருந்தனர். இருவரும் மருத்துவத் துறையினர். ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லவே கூசிய காலம் அது. சீமை சென்று பயின்ற பெண் மருத்துவர் ஒருவர் ஊருக்குத் திரும்பினால் எத்தனை தாய்மார்களுக்கு நிம்மதி என்று எண்ணிப் பார்க்கலாம்.

1924 வாக்கில், சிவில் சர்வீசில் சேர்ந்த இந்தியர் ஐவருள் இருவர் இந்நிதியின் உதவி பெற்றவர்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் பயன்பெற்றோர் வரிசையும் சிறியதன்று. கேரளத்தில் உழவூரில் ஏழைக் குடிசையில் பிறந்த கே. ஆர். நாராயணன், 1945-இல் டாட்டா உபகாரச் சம்பளத்தில் லண்டன் சென்று படித்தார். 1997-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற ராஜா ராமண்ணா, லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று அணு விஞ்ஞானத்தில் பெயர் பெற்றார். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் கேம்பிரிட்ஜ் சென்றதும் இவ்வழியில்தான். டாக்டர் பட்டப் படிப்புக்கு வெளிநாடு செல்வோரை அந்த நிதி இன்றும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து வருகிறது. போட்ட விதை ஒரு நூற்றாண்டையும் கடந்து காய்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் டாட்டா இதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கப்பலேற்றிக்கொண்டே இருப்பது எத்தனை நாளைக்கு? அந்த உயர்ந்த படிப்பை நம் மண்ணிலேயே கொடுக்கக் கூடாதா என்று எண்ணினார். 1893-இல் ஜப்பானிலிருந்து வான்கூவர் சென்ற கப்பலில் அவரும் சுவாமி விவேகானந்தரும் சேர்ந்து பயணம் செய்தனர். 1898-இல் விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகம் ஒன்று நிறுவ வேண்டுமென்ற திட்டத்தை வெளியிட்ட டாட்டா, அதில் துணை நிற்குமாறு சுவாமிகளுக்குக் கடிதமும் எழுதினார். தம் சொத்தில் ஏறக்குறையப் பாதியை, சுமார் 30 லட்ச ரூபாய் மதிப்புள்ள கட்டடங்களையும் நிலங்களையும், அதற்கு ஒதுக்கினார்.

அரசாங்கம் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை. புதிதாக வந்திருந்த வைசிராய் கர்சன் பிரபு, இத்தகைய படிப்புக்கு இந்தியாவில் மாணவர்கள் கிடைப்பார்களா, படித்தவர்களுக்கு வேலைதான் கிடைக்குமா என்று ஐயுற்றார். விசாரணை, அறிக்கை, மறு அறிக்கை என்று ஆண்டுகள் ஓடின. 1904 மே 19-ஆம் தேதி, ஜெர்மனியில் பாத் நவ்ஹைம் என்னும் ஊரில் ஜாம்ஷெட்ஜி காலமானார். அப்போது வயது 65. ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒரு செங்கல்கூட எழும்பியிருக்கவில்லை.

தகப்பனார் கொடுப்பதாகச் சொன்ன சொத்தைப் பிள்ளைகள் கொடுக்காமல் விட்டிருந்தால் கேட்பார் யார்? ஆனால் தோராப்ஜி, ரத்தன்ஜி ஆகிய இரு புதல்வர்களும் தந்தையின் சொல்லைக் காத்தனர். மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் அளித்தது. 1909-இல் இந்திய விஞ்ஞானக் கழகம் சட்டப்படி அமைந்தது. 1911-இல் மாணவர்கள் சேர்ந்தனர். மறு ஆண்டு சாக்சியில் இரும்பாலையிலிருந்து எஃகும் வெளிவந்தது.

பாதிச் சொத்தைக் கொடுக்க நம்மில் எவராலும் முடியாது. அதை யாரும் கேட்கவுமில்லை. ஆனால் அவர் கணக்கு எழுதிய முறையை நாம் பின்பற்ற முடியும். அடுத்த முறை ஒரு மாணவனுக்காக வசூலுக்குக் கிளம்புமுன், சங்கப் பேரேட்டில் ஒரு பக்கத்தைத் தனியே ஒதுக்குவோம். ஒருபுறம் கொடுத்ததை எழுதுவோம். மறுபுறம் திரும்பி வர வேண்டியதற்கு இடம் விட்டு வைப்போம். படித்து முடித்த பிள்ளை வந்து தன் முதல் தவணையைத் தன் கையாலேயே அங்கே வரவு வைக்கட்டும். அடுத்த பிள்ளையின் பெயரையும் அன்றே அதற்குக் கீழே எழுதிவிடலாம்.