இருகச்சு நாயகி அஸ்மா (ரலி)

தூத்துக்குடி, காயல்பட்டினக் கரையில் வாழும் நமக்கு மலையேற்றம் பழக்கமில்லை. தேரி மணலில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கி.பி. 622-இல், வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டே செங்குத்தான தௌர் மலைக்கு உணவு கொண்டு சென்றவர்கள் ஹஸ்ரத் அஸ்மா நாயகி (ரலி) அவர்கள்.

அன்னார் ஹஸ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மகளார். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் தமக்கையார். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தந்தையாரும் மக்காவுக்குத் தெற்கே அம்மலைக் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பொழுது சாயும் வேளையில் நாயகி உணவுடன் செல்வார்கள். பயண உணவைக் கட்டக் கயிறு இல்லாதபோது தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். இருகச்சுடையார் என்னும் சிறப்புப் பெயர் அதனால் வந்தது.

தந்தை எங்கே என்று அதட்டிய அபூஜஹ்ல், காதணி தெறித்து விழக் கன்னத்தில் அறைந்தான். நாயகி இரகசியத்தை வெளியிடவில்லை.

பின்னர் மதீனா சேர்ந்து அப்துல்லாஹ் (ரலி) அவர்களை ஈன்றெடுத்தார்கள். ஹிஜ்ரி 73-இல் அம்மகனார் மக்காவில் ஷஹீதான சில நாட்களில், ஏறக்குறைய நூறு வயதில் வபாத்தானார்கள்.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் தௌர் மலையில் ஏறுவது ஹஜ்ஜின் கடமைகளில் சேர்ந்ததன்று. நம்பி ஒப்படைத்ததை அமானிதமாகக் காப்பதோ நம் ஒவ்வொருவர் மீதும் கடமை. அந்த உறுதியை அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.