வீணை பாலசந்தரும் எங்கள் ஒற்றை விளக்கும்



மனதில் நின்ற ஒரு கலைஞரைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் வீணை எஸ். பாலசந்தர்தான். விடுதியின் கறுப்பு வெள்ளை டி.வி.யில் ஒரு நாள் 'அந்த நாள்' போட்டார்கள். என்னப்பா, பாட்டே இல்லையா என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் அசையவில்லை.

1927-இல் பிறந்த பாலசந்தர், சிறுவனாக 'சீதா கல்யாணம்' (1934) படத்தில் தலைகாட்டியவர். குரு இல்லாமல் தாமே வீணை கற்றார். 21 வயதில் 'என் கணவர்' (1948) படத்தை இயக்கினார். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' அவரை உலுக்கியது. அந்தத் தாக்கத்தில் பிறந்ததுதான் ஏவி.எம். தயாரித்து 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்'.

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய சமயத்தில் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அதே மனிதர் வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். மாருதி ராவின் கேமராவில் பாதி முகம் வெளிச்சம், பாதி இருட்டு. யாரை நம்புவது என்ற கேள்வியை வசனத்தோடு சேர்ந்து நிழலும் கேட்கிறது. பெரிய சங்கீத வித்வான் எடுத்த படம், ஆனால் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது! கதைக்குத் தேவையில்லாததை, அது தனக்குக் கைவந்த கலையானாலும் ஒதுக்கி வைத்த அந்தத் துணிச்சல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் எங்கள் ஆண்டு விழா நாடகம் நின்றுபோக இருந்தது. வாடகை விளக்குகளுக்குப் பணமில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு போக்கஸ் லைட். நாடகமே வேண்டாம் என்றார்கள். நான் அந்த விளக்கை மேடையின் பக்கவாட்டில், தரையோடு வைத்தேன். பின்னால் கட்டிய வெள்ளை வேட்டியில் அப்பாவின் நிழல் ஆளைவிடப் பெரிதாக எழுந்தது. சலசலத்துக்கொண்டிருந்த அரங்கம் கப்பென்று அடங்கியது. நாடகமும் பிழைத்தது, என் பயமும் போயிற்று.

'அந்த நாள்' முதலில் பெரிதாக ஓடவில்லை. ஆனாலும் அவர் தளராமல் 'அவனா இவன்' (1962), 'பொம்மை' (1964), 'நடு இரவில்' (1970) எடுத்தார். பின்னர் வீணையே வாழ்வானது. 1982-இல் பத்மபூஷண் பெற்றார். 1990 ஏப்ரலில், கச்சேரிக்குப் போயிருந்த பிலாய் நகரில் மறைந்தார்.

தம்பி தங்கைகளே, இன்று உங்கள் சட்டைப்பையிலேயே கேமரா இருக்கிறது. படம் எடுக்கும் முன் வெளிச்சம் எங்கே என்று பாருங்கள். எதை இருட்டில் விடலாம் என்பதையும் யோசியுங்கள். சாயங்காலம் மேற்கு மலையின் நிழல் நம்ம ஊர் மேல் இறங்குமே, அதுவே நல்ல வாத்தியார்!