நிறங்களைப் பிரித்த நல்லறிஞர் மிகாயில் ஸ்வெட்



சென்ற ஆண்டு நம் பள்ளியின் அறிவியல் வாரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாழ்வாரத்தில் செய்து காட்டிய சிறு சோதனையை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், நீரில் கரையும் கறுப்பு மையால் வளையம் ஒன்று இட்டனர். தட்டில் சிறிதளவு நீர் ஊற்றி, வெண்கட்டியை அதில் நிறுத்தினர். நீர் மெல்ல மேலேறிற்று. மையும் உடன் ஏறிற்று. சிறிது நேரத்தில் கறுப்பு வளையம் மறைந்து, நீலமும் செம்மையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக விளங்கின. ஒரு மாணவனின் வெண்கட்டியில் மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அவன் வளையத்தை மிகத் தாழ்வாக இட்டுவிட்டமையால் அது நீருக்குள் மூழ்கி, மை தட்டிலேயே கரைந்துபோயிற்று. அவன் முகம் வாடியதை நாம் கண்டோம். அவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இச்சோதனைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயர். தமிழில் நிறப்பிரிகை எனலாம். இன்று உலகில் இம்முறையைக் கையாளாத வேதியியல் ஆய்வுக்கூடம் இல்லை என்றே சொல்லலாம். இதனைக் கண்டவர் மிகாயில் ஸ்வெட் என்னும் உருசிய நாட்டுத் தாவரவியல் அறிஞர். உருசிய மொழியில் ஸ்வெட் என்னும் சொல்லுக்கு நிறம் என்பதே பொருள். பெயரும் தொழிலும் இவ்வாறு பொருந்தி வந்தவர் உலகில் மிகச் சிலரே.

ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே திங்கள் 14ஆம் நாள் இத்தாலி நாட்டின் ஆஸ்தி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் உருசிய அரசு அலுவலர். தாயார் இத்தாலியக் குடிவழி வந்தவர். பெற்றோர் பயணத்தில் இருந்தபோது பிறந்த குழந்தை அது. பிறந்த சின்னாட்களிலேயே தாயார் மறைந்தார். தந்தையாரோ பணியின் பொருட்டு உருசியா திரும்ப வேண்டியவரானார். எனவே குழந்தை சுவிட்சர்லாந்தில் ஒரு செவிலித்தாயிடம் ஒப்படைக்கப்பட்டது. லோசான், ஜெனீவா ஆகிய நகரங்களில் அவர் வளர்ந்தார். பிரெஞ்சு மொழியிற் பயின்றார். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் தாவர உயிரணுக்களை ஆராய்ந்து 1896இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே அவர் தம் தந்தையாரின் நாடாகிய உருசியாவுக்குச் சென்றார். ஆங்கு ஒரு பேரிடி காத்திருந்தது. அயல்நாட்டுப் பட்டத்தை உருசியப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. முனைவரானவர் மீண்டும் மாணவராகித் தேர்வெழுத வேண்டியதாயிற்று. 1901இல் கசான் நகரப் பல்கலைக்கழகத்தில் அடுத்த பட்டம் பெற்றார். அதன்பின்னரே, அந்நாளில் உருசிய ஆட்சியின்கீழ் இருந்த வார்சா நகரில் உதவியாளர் வேலை ஒன்று அவருக்குக் கிட்டியது. பெயர் சொல்லும் பதவியன்று அது, ஊதியமும் சிறிது.

இனி, அவர் மனத்தை ஆட்கொண்ட வினாவுக்கு வருவோம். இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டால் பச்சையம் இருப்பதால் என்று நீங்கள் விடை கூறுவீர்கள். அந்தப் பச்சையம் ஒரே பொருளா, பல பொருள்களின் கலவையா? அக்காலத்து அறிஞர் பலர் இதில் முட்டி மோதிக்கொண்டிருந்தனர். கலவையைப் பிரிக்க அவர்களிடம் இருந்த வழிகள் சிலவே. நீர்மத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கலாம். பச்சையமோ சூட்டிற் சிதைந்துவிடும். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களில் குலுக்கித் தேங்கவிட்டு, மேலடுக்கையும் கீழடுக்கையும் வெவ்வேறாக இறக்கலாம். ஆயின் ஒன்றையொன்று ஒத்த பொருள்கள் அவ்வாறு முழுமையாகப் பிரிவதில்லை. படிகமாக உறையச் செய்யலாம். சாராயத்தைக் கொண்டு பெற்ற பச்சைப் படிகங்கள், இலையில் இருந்த பச்சையமே அல்ல, செய்முறையில் மாறிப்போன வேறொரு பொருள் என்று ஸ்வெட் வாதிட்டார். அவர் கூற்றே சரியென்று பின்னர் விளங்கிற்று. பொருளைக் கெடுக்காமல் பிரிப்பது எங்ஙனம்? அதுவே அவருடைய வினா.

விடை ஒரு சிறிய புதிரிலிருந்து பிறந்தது. இலையிலிருந்து ஒருமுறை வெளிக்கொணர்ந்த பச்சையம் பெட்ரோலிய ஈதர் என்னும் நீர்மத்தில் எளிதிற் கரைகிறது. ஆனால் அதே நீர்மத்தைப் பச்சை இலையின்மேல் நேரே ஊற்றினால் மஞ்சள் நிறக் கரோட்டின் மட்டுமே வெளிவருகிறது. பச்சை நிறம் இலையிலேயே நின்றுவிடுகிறது. சிறிது சாராயம் சேர்த்தால் எல்லாம் வந்துவிடுகிறது. மற்றவர்கள் இதைக் கண்டும் காணாமற் சென்றனர். ஸ்வெட் நின்று சிந்தித்தார். கரையாமை இதற்குக் காரணமன்று. இலையின் திசு நிறப்பொருளைத் தன் மேற்பரப்பிற் பற்றிக்கொண்டிருக்கிறது என்று கருதினார். வடிதாளில் இலைச்சாற்றை ஊறவிட்டு உலர்த்தி, அதன்மேல் பெட்ரோலிய ஈதரை ஊற்றிப் பார்த்தார். தாளும் இலையைப் போன்றே நடந்துகொண்டது. அப்படியானால் பற்றும் ஆற்றல் உயிருள்ள இலைக்கு மட்டும் உரியதன்று. எந்தத் தூளுக்கும் இருக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட தூள்களை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்தார். இறுதியில் மிக நன்றாகப் பயன்பட்டவற்றுள் ஒன்று எளிய சுண்ணாம்புத் தூள்.

அவருடைய கருவியைப் பாருங்கள். சிறிய கண்ணாடிக் குழாய். அடியில் சிறிது பஞ்சு. அதன்மேல் இறுக அடைத்த நேர்த்தியான சுண்ணாம்புத் தூள். அவ்வளவே. மேலிருந்து இலைச்சாற்றின் கரைசலை ஊற்றினார். அது தூளின் உச்சியில் ஒரு பச்சை வளையமாய்த் தங்கிற்று. பின்பு தூய நீர்மத்தை அதன்மேல் மெல்ல விட்டார். பச்சை வளையம் கீழ்நோக்கி நகர்ந்து விரியத் தொடங்கிற்று. மஞ்சள் நிறக் கரோட்டின் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓடிற்று. பின்னால் வேறு மஞ்சள் பட்டைகளும், நீலப்பச்சைப் பட்டை ஒன்றும், மஞ்சட்பச்சைப் பட்டை ஒன்றும் தனித்தனியே நின்றன. பச்சையம் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கண்ணாலேயே காண முடிந்தது! பின்னர்த் தூளைக் குழாயிலிருந்து அப்படியே வெளியே தள்ளி, பட்டை பட்டையாகக் கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றிலுமிருந்து நிறப்பொருளைத் தூய்மையாக எடுத்தார். சூடேற்றவில்லை, அமிலம் சேர்க்கவில்லை, ஒன்றும் கெடவில்லை.

இது நிகழும் விதத்தை நம் தோட்டத்துச் சம்பள நாளைக் கொண்டு விளக்கலாம். சம்பளம் வாங்கியதும் பலர் ஒன்றாகவே புறப்படுகின்றனர். வழி நெடுகத் தற்காலிகக் கடைகள். ஒருவர் எந்தக் கடையிலும் நில்லாமல் வீடு நோக்கி நடக்கிறார். மற்றொருவர் இரண்டொரு கடையில் விலை கேட்கிறார். வேறொருவர் கடைதோறும் நின்று பேசிவிட்டே நகர்கிறார். ஒன்றாய்ப் புறப்பட்டவர்கள் தெரு முடிவதற்குள் தனித்தனியே பிரிந்துவிடுவர் அல்லவா? சுண்ணாம்புத் துகள்களே கடைகள். ஓடும் நீர்மமே நடை. பற்றின் மிகுதி குறைவே பிரிவுக்குக் காரணம்.

1903ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 21ஆம் நாள் வார்சா இயற்கை அறிஞர் சங்கத்தின் கூட்டத்தில் ஸ்வெட் இதைப் பற்றி முதன்முதல் உரையாற்றினார். 1906இல் செருமானியத் தாவரவியல் சங்கத்தின் ஏட்டில் இரு கட்டுரைகள் வெளியிட்டு, தம் முறைக்குக் குரோமட்டோகிராபி என்று பெயரும் சூட்டினார். நிறமற்ற பொருள்களையும் இவ்வாறு பிரிக்கலாம் என்றும் அப்போதே எழுதினார். 1907இல் எலேனா என்னும் அம்மையாரை மணந்தார். 1910இல் தம் ஆய்வுகளையெல்லாம் திரட்டி உருசிய மொழியில் ஒரு பெருநூல் வெளியிட்டு, வார்சாப் பல்கலைக்கழகத்தில் அடுத்த உயர் பட்டத்தைப் பெற்றார். கரோட்டினாய்டு என்று நாம் இன்று வழங்கும் சொல்லும் அவர் தந்ததே.

உலகம் அவரை எவ்வாறு வரவேற்றது? வருந்தத்தக்க கதை இது. போலந்து நாட்டு வேதியியல் அறிஞர் மார்ஹ்லெவ்ஸ்கி கடுமையாக எதிர்த்தார். தாவரவியலாளர் ஒருவர் வடிகட்டும் சோதனை செய்து வேதியியலைத் திருத்த வருவதா என்பது போன்ற ஏளனம் அவர் எழுத்தில் இருந்தது. அந்நாளைய வேதியியலார் கையில் எடுத்து எடைபோடத்தக்க அளவு பொருளையும் படிகத்தையும் எதிர்பார்த்தனர். ஸ்வெட்டின் குழாயோ சிறிதளவே தந்தது. அவருடைய பெருநூல் உருசிய மொழியில் இருந்தமையால் மேலை நாட்டார் பலர் அதைப் படிக்கவும் இயலவில்லை.

அக்காலத்தில் பச்சைய ஆராய்ச்சியின் தலைவராக விளங்கியவர் செருமானியப் பேரறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டாட்டர். அவர் ஸ்வெட்டின் நூலைத் தமக்கெனச் செருமானிய மொழியிற் பெயர்த்து எழுதச் செய்து படித்தார். முறையையும் செய்து பார்த்தார். அவர் கையாண்ட தூள் பச்சையத்தைச் சிதைத்துவிட்டது. எனவே இம்முறை நம்பத்தக்கதன்று என்று கருதி ஒதுக்கினார். அவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. ஆகவே பிறரும் ஒதுக்கினர். பச்சையத்தில் மக்னீசியம் உள்ளதை நிலைநாட்டிய பெருமைக்குரியவர் வில்ஸ்டாட்டர். 1915இல் நோபல் பரிசும் பெற்றார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆயினும் தாழ்வாரத்தில் நின்ற அந்த மாணவனை இங்கே நினைத்துக்கொள்கிறோம். அவனுடைய வெண்கட்டியில் குற்றமில்லை, மையிலும் குற்றமில்லை, வளையம் இட்ட இடத்தில்தான் பிழை. நாம் அதைச் சுட்டிக் காட்டியதும் அவன் மறுபடி செய்து நிறங்களைக் கண்டுவிட்டான். வில்ஸ்டாட்டருக்குச் சுட்டிக் காட்டுவார் இல்லை. காட்டியிருந்தாலும், வார்சாவின் ஓர் எளிய ஆசிரியர் சொல் அங்கே எடுபட்டிருக்குமா என்பது ஐயமே.

ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்றும் கூறிவிட முடியாது. உருசிய அறிவியற் கழகம் 1911இல் அவர் நூலுக்குப் பரிசளித்தது. அமெரிக்காவில் பால்மர் என்னும் அறிஞர், பசுவின் பாலிலும் வெண்ணெயிலும் உள்ள மஞ்சள் நிறம் பசு தின்னும் புல்லிலிருந்து வருவதே என்று காட்டுவதற்கு ஸ்வெட்டின் முறையையே கையாண்டார். 1918இல் நோபல் பரிசுக்கும் ஸ்வெட்டின் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

இதற்கிடையில் முதல் உலகப்போர் மூண்டது. 1915இல் செருமானியப் படை வார்சாவைக் கைப்பற்றவே, ஸ்வெட் பணியாற்றிய தொழில்நுட்பக் கல்லூரி முதலில் மாஸ்கோவுக்கும் பின்னர் நீழ்னி நோவகரட் நகருக்கும் இடம்பெயர்ந்தது. 1917இல், இன்று எஸ்தோனியா நாட்டில் உள்ள தார்த்து நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியரானார். ஆய்வுக்கூடமும் தாவரத் தோட்டமும் கைக்கு வந்தன. வாழ்நாளெல்லாம் அவர் வேண்டியிருந்தது அதுவே. ஓராண்டும் நிறையுமுன் அந்நகரையும் படைகள் சூழ்ந்தன. மீண்டும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தோடு வொரோனேஷ் நகருக்குப் போனார். உடல் முன்னமே நலிந்திருந்தது. 1919ஆம் ஆண்டு சூன் திங்கள் 26ஆம் நாள், தம் 47ஆம் வயதில் அங்கே காலமானார். அவர் கண்ட முறையை அன்று கையாண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. செருமனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்டு கூன் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் எட்கார் லெடரர் என்ற இளைஞர் கரோட்டினை ஆராய்ந்துகொண்டிருந்தார். செங்கிழங்காகிய கேரட்டிலிருந்து கரோட்டினை முதன்முதற் பிரித்தது 1831இல். அன்றுமுதல் நூறாண்டுகள் அதனை ஒரே பொருள் என்றே கருதி வந்தனர். லெடரர் பழைய ஏடுகளைத் தேடியபோது ஸ்வெட்டின் பெயரைக் கண்டார். மூலநூல் உருசிய மொழியில் அல்லவா? அப்போது கூனிடமிருந்து ஒரு செருமானிய மொழிபெயர்ப்புக் கையெழுத்துப்படி வந்தது. கூன் வில்ஸ்டாட்டரின் மாணவர். வில்ஸ்டாட்டர் தமக்கென எழுதுவித்த அதே படிதான் அது! முறையை ஒதுக்கியவரின் பெட்டியிலேயே அதற்கு உயிர் இருந்தது.

ஸ்வெட் எழுதியவாறே குழாயைத் தூளால் நிரப்பி லெடரர் செய்து பார்த்தார். 1931இல் கரோட்டின் இரண்டாகப் பிரிந்தது. முட்டையின் மஞ்சட்கருவின் நிறமும் இரண்டாகப் பிரிந்தது. அதன்பிறகு ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றிலும் கண்ணாடிக் குழாயும் தூளும் தோன்றின. நம் தோட்டத்துச் செம்பனைப் பழத்தின் சிவப்பு எண்ணெயில் இவ்விரு கரோட்டினும் இருக்கின்றன என்பதை ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். பழம் பொறுக்கும்போது கையில் ஒட்டும் அந்தச் சாயம் ஸ்வெட்டின் குழாயில் எல்லாரையும் முந்தி ஓடிய பொருளே.

கூன் 1938ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பின்னர் இங்கிலாந்தில் மார்ட்டின், சிஞ்சு என்னும் இருவர், ஆட்டு மயிரின் புரதத்தை ஆராயும் பணியில் இம்முறையைப் புதிய வழியில் திருப்பி 1941இல் வெளியிட்டனர். 1944இல் வெறும் வடிதாளிலேயே நிறமற்ற பொருள்களைப் பிரிக்கும் வழியும் அவர்கள் குழுவினரால் வந்தது. 1952இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குருதியில் மருந்தின் அளவு காண்பதும், விளையாட்டு வீரர் ஊக்கமருந்து உட்கொண்டனரா என்று காண்பதும், காய்கறியில் பூச்சிமருந்து தங்கியுள்ளதா என்று பார்ப்பதும் இன்று இம்முறையின் வழிவந்த கருவிகளாலேயே நடைபெறுகின்றன.

வொரோனேஷ் நகரில், ஒரு பழைய மடத்தின் வளாகத்தில், ஸ்வெட்டுக்கு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. அவர் மறைந்து எழுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1992இல் அது நடந்தது.