நீதிபதி ஷ்ரேபரின் மேல்முறையீடு

நம்ம ஆட்களுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் என்றால் என்ன என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்ப்போம், வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்போம், கடைசியில் தேறும் அல்லது தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான். ஆனால் பரிசோதனைக்கு வந்திருப்பது ஒரு மனிதனின் மனசு என்றால்? விரிசல் இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதற்காக ஆளையே தேறாது என்று ஒதுக்கி விடலாமா? இந்தக் கேள்வியை 1902இலேயே கோர்ட்டுக்குக் கொண்டு போய் ஜெயித்த ஒரு மனநோயாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயர் டேனியல் பால் ஷ்ரேபர். 1842இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். அப்பா பெயர் பெற்ற எலும்பு வைத்தியர். குழந்தைகள் கூன் போடாமல் நிமிர்ந்து உட்கார்வதற்கென்று கருவிகளே செய்தவர். மகன் சட்டம் படித்து நீதித்துறையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். வெளியிலிருந்து பார்த்தால் குறையில்லாத வாழ்க்கை. உள்ளே அப்படியில்லை. அண்ணன் 1877இல் தற்கொலை செய்து கொண்டார். மனைவி சபீனாவுக்குக் குழந்தைப்பேறு திரும்பத் திரும்பத் தவறிப் போனது.

1884இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அந்த வருஷக் கடைசியில் முதல்முறையாக மனநிலை குலைந்தது. லைப்சிக்கில் பேராசிரியர் ஃபிளெக்சிக் சுமார் ஆறு மாதம் சிகிச்சை தந்து குணப்படுத்தி அனுப்பினார். நன்றி மறக்காத சபீனா அந்த டாக்டரின் படத்தைப் பல வருஷம் தன் மேஜையிலேயே வைத்திருந்தாராம்.

1893 அக்டோபரில் டிரெஸ்டன் மேல் நீதிமன்றத்தில் ஓர் அமர்வுக்குத் தலைவரானார். பெரிய பதவி. அவருக்குக் கீழே இருந்த நீதிபதிகளில் சிலர் அவரைவிட இருபது வயது வரை மூத்தவர்கள். அவர்கள் முன்னால் சளைக்கக் கூடாது என்று மாடாய் உழைத்தார். தூக்கம் போச்சு. சில வாரங்களிலேயே மறுபடி ஃபிளெக்சிக்கின் மருத்துவமனை.

இந்தத் தடவை நோய் லேசில் விடவில்லை. கடவுளின் கதிர்கள் தன் நரம்புகளோடு பேசுகின்றன என்றார். உலகம் அழிந்து விட்டது, சுற்றியிருப்பவர்கள் அவசரத்துக்குச் செய்து வைத்த பொய்மனிதர்கள் என்றார். உலகை மீட்கத் தன்னைப் பெண்ணாக மாற்றப் போகிறார்கள் என்று நம்பினார். எந்த டாக்டரின் படம் மனைவியின் மேஜையில் இருந்ததோ, அவரே தன் ஆன்மாவைக் கொலை செய்யப் பார்க்கும் எதிரி ஆனார். அடக்க முடியாமல் திடீர் திடீரென்று கத்துவார். இன்றைய டாக்டர்கள் பலர் இதை மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்பார்கள்.

1894இல் எல்பே நதிக்கரையில் பிர்னா ஊரின் மேலே உள்ள சோனன்ஸ்டைன் மனநல விடுதிக்கு அவரைக் கொண்டு போனார்கள். அங்கே எட்டு வருஷத்துக்கு மேல். தலைமை வைத்தியர் கீடோ வேபர்தான் நீதிமன்றத்துக்கும் நிபுணர். சிகிச்சை தருபவரும் அவரே, சாட்சி சொல்பவரும் அவரே! 1899 டிசம்பரில் முதல் அறிக்கை கொடுத்தார். பிரமை இருக்கிறது, அசைக்க முடியாத தப்பு நம்பிக்கைகள் இருக்கின்றன, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று எழுதினார். அதுவரை தற்காலிகமாக இருந்த காப்பாளர் ஏற்பாடு 1900 மார்ச்சில் நிரந்தரமானது. நேற்று வரை ஊருக்குத் தீர்ப்புச் சொன்னவர் இன்று சட்டத்தின் கண்ணில் ஒரு சிறுபிள்ளை மாதிரி.

ஷ்ரேபர் சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் தன் அனுபவத்தையெல்லாம் புத்தகமாக எழுதினார். கூடவே மேல்முறையீட்டுக்கான வாதங்களையும் தானே எழுதினார்.

அன்று வேபர் கையில் என்ன கருவி இருந்தது? பினேயின் அறிவுத்திறன் சோதனை வந்தது 1905இல். ரோர்ஷாக்கின் மைப்பொட்டுச் சோதனை வந்தது 1921இல். ஆகவே கண்ணும் காதும்தான் கருவி, அப்புறம் சாப்பாட்டு மேஜை! ஆமாம், 1900 ஈஸ்டரிலிருந்து ஷ்ரேபர் தினமும் வேபர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அரசியல், சட்டம், கலை என்று எதைப் பற்றியும் தெளிவாகப் பேசினார், பெண்களிடம் மரியாதையாக நடந்து கொண்டார். வேபர் நேர்மையான மனுஷர். அடுத்த அறிக்கையில் இதையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் நோய் அப்படியே உள்ளே இருக்கிறது, எப்போது எங்கே வெளிப்படும் என்று சொல்ல முடியாது என்பதிலும் உறுதியாக இருந்தார். 1901 ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் ஷ்ரேபரின் மனுவைத் தள்ளியது.

ஷ்ரேபரின் வாதத்தை இப்போது பாருங்கள். 1900 ஜனவரியில் அமலுக்கு வந்த ஜெர்மன் சிவில் சட்டப்படி ஒருவரைக் காப்பாளரிடம் ஒப்படைக்க மனநோய் இருந்தால் மட்டும் போதாது. அந்த நோயால் தன் காரியங்களைப் பார்க்க முடியாமலும் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு விடுதிச் சுவருக்குள் பதில் எங்கே கிடைக்கும்? என்னை வெளியே விட்டுப் பாருங்கள் என்றார். விட்டார்கள். ஊருக்குள் போனார், பயணம் செய்தார், கைச்செலவுப் பணத்தை ஒழுங்காகக் கையாண்டார். நம்ம பாஷையில் சொன்னால், பாலத்தின் மேல் நிஜமாகவே பாரம் ஏற்றிப் பார்த்தாயிற்று.

தன் நம்பிக்கைகளை மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. கோர்ட்டுக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் ரிப்பன், மணிமாலை போட்டுக் கொள்வதை ஒப்புக்கொண்டார். அதற்கு ஆகும் செலவு அற்பம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

1902 ஜூலை 14. அவர் ஒரு காலத்தில் தலைமை ஏற்றிருந்த அதே டிரெஸ்டன் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இவர் நோயாளி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் தன் காரியத்தைப் பார்க்க முடியாதவர் என்று நிரூபிக்கப்படவில்லை. கத்தி அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்வார் என்றால் அது போலீஸ் கவனிக்க வேண்டிய விஷயம், உரிமையைப் பறிக்கக் காரணம் ஆகாது. காப்பாளர் ஆணை ரத்து! டிசம்பரில் வீடு திரும்பினார். 1903இல் புத்தகம் அச்சாகி வந்தது. சபீனாவோடு சேர்ந்து ஒரு பெண்குழந்தையைத் தத்து எடுத்து வளர்த்தார்.

இதோடு நிறுத்தினால் சினிமா முடிவு. நிஜம் வேறு. 1907இல் தாயார் காலமானார். நவம்பரில் சபீனாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஷ்ரேபர் மறுபடி விழுந்தார். லைப்சிக் அருகே டோசன் மனநல விடுதியில் 1911 ஏப்ரல் 14 அன்று இறந்தார். அதே வருஷம் ஃபிராய்ட் அவரைப் பற்றி எழுதிய ஆய்வு வெளிவந்து அவரை உலகப் பிரசித்தம் ஆக்கியது. ஃபிராய்ட் அவரை நேரில் பார்த்ததே இல்லை. புத்தகத்தை மட்டும் படித்துத்தான் எழுதினார்.

மறுபடி நோய் வந்ததே, அப்படியானால் தீர்ப்புத் தப்பா? இல்லை என்பேன். ஏறக்குறைய ஐந்து வருஷம் ஒரு மனுஷர் தன் வீட்டில், தன் குடும்பத்தோடு, தன் கையெழுத்துக்கு மதிப்போடு வாழ்ந்தார். அது சின்ன விஷயமா?

மதிப்பீட்டில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே இடம்தான் சாட்சி. ஷ்ரேபருக்குச் சாப்பாட்டு மேஜையில் இடம் தந்த சோனன்ஸ்டைனை நாஜிகள் கொலைக்களமாக்கினார்கள். 1940 ஜூன் முதல் 1941 ஆகஸ்ட் வரை 13,720 மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் அங்கே விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தது டாக்டர்கள். பெரும்பாலும் ஆளையே பார்க்காமல், படிவத்தை மட்டும் பார்த்து! இன்று அங்கே ஒரு நினைவகம் இருக்கிறது.

நம் நாட்டில் 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்பதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்கிறது. சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறனை அளக்க அது பார்ப்பது இதைத்தான்: சொல்வது புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா? ஷ்ரேபர் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே?

ஒவ்வொரு பேட்சிலும் ஒருத்தனாவது இருப்பான். நன்றாகப் படித்தவன், பாதியில் என்னவோ ஆகிவிட்டது, இப்போது யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. அவனுக்கும் ஒரு அழைப்பு போகட்டும். வருவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும்.